உறைபனித் தாமதம் (குழிப்பந்தாட்டம்)

உறைபனித் தாமதம் என்பது, குழிப்பந்தாட்டத் (கோல்ஃப்) திடலின் புல்மீது உறைபனி படிந்திருக்கும் காலைவேளைகளில், அது உருகும் வரை ஆட்டத்தின் தொடக்கத்தைத் தள்ளிவைக்கும் நடைமுறை ஆகும். புல்லைக் காப்பதே இதன் முதன்மை நோக்கம். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலையை எட்டும் நாடுகளில் இது வழக்கமானது.

உறைபனி உருவாதல்

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீசி விரைவாகக் குளிர்கிறது. புல்லின் மேற்பரப்பு 0 °செ-க்குக் கீழே செல்லும்போது, காற்றிலுள்ள நீராவி அதன்மீது பனிப்படிகமாகப் படிகிறது. வெப்பமானிகள் தரைக்கு மேலே வைக்கப்படுவதால், அவை 2 அல்லது 3 °செ காட்டும்போதும் புல்மீது உறைபனி இருக்கக்கூடும். பெரும்பாலும் கதிரவன் உதிக்கும் நேரத்தை ஒட்டியே வெப்பநிலை மிகவும் குறைகிறது. எனவே விடிந்த பின்னரும் உறைபனி உருவாகலாம்.

புல்லுக்கு ஏற்படும் சேதம்

புல்லின் இலைகளில் பெரும்பகுதி நீரே ஆகும். அந்நீர் உறைந்திருக்கும்போது இலை வளையும் தன்மையை இழக்கிறது. அதன்மேல் கால் அல்லது வண்டிச் சக்கரம் பட்டால் உயிரணுச் சுவர்கள் உடைகின்றன. சேதம் உடனே தெரிவதில்லை. பனி உருகிய பின்னரே மிதித்த இடங்கள் கருமையாகவும் பழுப்பாகவும் மாறிக் காலடித் தடங்களாகத் தோன்றும். குளிர்காலத்தில் புல் மெதுவாக வளர்வதால், தடங்கள் மறையப் பல வாரங்கள் ஆகலாம். புல்லின் வளர்முனை சிதைந்தால் அச்செடியே இறந்துவிடும்.

குழி அமைந்துள்ள பசுந்திடலில் (கிரீன்) புல் ஏறத்தாழ 3 மி.மீ. உயரத்திற்கே வெட்டப்படுகிறது. அனைத்து ஆட்டக்காரர்களும் அங்கு நடப்பதால் அப்பகுதியே மிகுந்த பாதிப்புக்கு உள்ளாகிறது.

நடைமுறை

ஆட்டத்தை எப்போது தொடங்கலாம் என்பதைப் பொதுவாகத் திடல் கண்காணிப்பாளர் முடிவு செய்கிறார். முதல் குழியில் பனி உருகியிருந்தாலும், மரநிழலிலும் பள்ளத்திலும் உள்ள பசுந்திடல்களில் அது நீடிக்கலாம் என்பதால், அவ்விடங்களே முதலில் பார்க்கப்படுகின்றன. வெப்பநிலை உயரத் தொடங்கிய பின்னர், மெல்லிய உறைபனியை நீர் தெளித்து உருக்குவதும் உண்டு. உறைநிலைக்குக் கீழே இவ்வாறு செய்தால் தெளித்த நீரே உறைந்துவிடும். ஐக்கிய இராச்சியத்தில் குளிர்காலத்தில் தற்காலிகப் பசுந்திடல்களைப் பயன்படுத்தும் திடல்களும் உள்ளன.

தாமதத்தால் அன்றைய குழுக்கள் அனைத்தின் தொடக்க நேரமும் பின்தள்ளப்படுகிறது. குளிர்காலத்தில் பகற்பொழுது குறைவாதலால், பிந்தித் தொடங்குவோர் ஆட்டத்தை முடிக்க இயலாமல் போகலாம்.

போட்டிகளில்

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா பாலைவனப் பகுதியில், இசுக்காட்சுடேல் நகரில் நடைபெறும் பீனிக்சு ஓப்பன் போட்டி இத்தகைய தாமதங்களுக்குப் பெயர்பெற்றது. பாலைவனத்தின் வறண்ட காற்றும் தெளிந்த வானமும் இரவில் தரை விரைந்து குளிரக் காரணமாகின்றன. 2023 பெப்ரவரியில் இப்போட்டியின் முதல் சுற்று உறைபனியால் பிந்தித் தொடங்கி, இருள் சூழ்ந்ததால் அன்று முற்றுப்பெறாமல் நிறுத்தப்பட்டது.