சாவா மூவாப் பேராடு: நந்தாவிளக்கு அறக்கட்டளைகளின் முதலும் பொலிசையும்

சோழர் காலக் கோயில் பொருளாதாரம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பெருங்கொடைகளையே மையப்படுத்துகின்றன. ஒற்றை நந்தாவிளக்குக்கான சிறு அறக்கட்டளையின் நிதியமைப்பு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. முதலைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்ற வினாவுக்கு விடை தெளிவாகக் கிடைப்பது இத்தகைய சிறு கொடைகளில்தான்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் ஒதுக்கப்பட்டன. இவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழி. எனவே 360 நாளுக்கு 90 நாழி நெய் ஆகிறது. பிற ஊர்க் கல்வெட்டுகளில் 90 ஆடு என்ற கணக்கும் உண்டு. ஆடு சாகும், மூப்படையும். ஆயினும் கல்வெட்டு அதனைச் 'சாவா மூவாப் பேராடு' என்கிறது. இதனை வெறும் மங்கல வழக்காகக் கொள்வது பொருந்தாது. மந்தையில் எது நேரினும் கடப்பாட்டின் எண்ணிக்கை குறையாது என்பதே இதன் பொருள். ஈற்றின் பெருக்கம் இடையருக்கு உரியது. நோயும் வறட்சியும் தரும் இழப்பும் அவருக்கே உரியது. இடையர்க்குப் பிணைநின்ற உறவினர் பெயர்களும் பொறிக்கப்பட்டதன் காரணம் இதனால் விளங்கும். கோயில் தன் கையில் சேமநிதி எதனையும் வைத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. இடையரின் குடியே அச்சேமநிதியாயிற்று.

காசாக வந்த கொடைகளில் இப்பொறுப்பை ஊர்ச்சபைகள் ஏற்றன. பாண்டியர் பகுதியில் வரகுண மகாராசரின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு, இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு வைக்கப்பட்டதைக் கூறுகிறது. முதல் கெடாமல், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலமாக 580 கலம் நெல் பொலிசையாக வர வேண்டும். முதலாம் இராசராசனின் தஞ்சையிலோ காசு ஒன்றுக்கு முக்குறுணி நெல், அல்லது அரைக்கால் காசு. கலத்துக்குப் பன்னிரு குறுணியாதலால் முன்னது பின்னதைப்போல் எட்டு மடங்காகத் தோன்றும். காசின் எடையும் அளவுகருவியும் இரு இடத்தும் ஒன்றெனக் கொள்ள முடியாத நிலையில், இதனைக் கொண்டு வட்டி வீழ்ந்தது என முடிவு செய்வது அவசரமாகும்.

தஞ்சைக்குள்ளேயே நெல்லாகவும் காசாகவும் இருவகைப் பொலிசை வழங்கியதுதான் கருதத்தக்கது. நெற்பொலிசை பெற்ற அறம் விலையேற்றத்தால் நலிவதில்லை. காசுப்பொலிசை பெற்றது நலியும். கொடையாளர் இரண்டில் எதனைத் தேர்ந்தார் என்பது அறத்தின் ஆயுளைப் பற்றிய அவர்தம் மதிப்பீட்டையும் உள்ளடக்கியிருக்கக் கூடும்.