தமிழகக் குடும்ப உருவப்படங்களின் மீட்பு

தமிழகத்தில் ஏறத்தாழ 1880 முதல் 1980 வரை ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைக் குடும்பப் படங்கள் வேகமாக அழிந்து வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இன்று நெகட்டிவ் இல்லை. கூடத்துச் சுவரில் தொங்கும் ஒற்றைப் படமே எஞ்சிய ஒரே சான்று.

தோற்றம்

புகைப்படக் கலை 1839இல் பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சென்னையில் 1856இல் புகைப்படச் சங்கம் தோன்றியது. அதை முன்னின்று அமைத்தவர், சென்னைக் கலைப்பள்ளியை 1850இல் நிறுவிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர். அக்காலக் கேமராக்கள் கோயில்களையும் கோட்டைகளையும் படம்பிடித்த அளவுக்குச் சாதாரணக் குடும்பங்களின் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்குச் சில நிமிடங்களே கிடைக்கும். 1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் வெளியிட்ட உலர்தகடு முறை இந்த நெருக்கடியைத் தீர்த்தது. ஆலையில் செய்த தகடுகள் விலைக்கு வந்தபின் சிற்றூர்களிலும் ஸ்டூடியோ நடத்த முடிந்தது.

திரைச்சீலையில் வரைந்த மாளிகை, செதுக்கு நாற்காலி, பூச்சாடி வைத்த முக்காலி ஆகியவை அங்கே நிலையான பொருள்கள். பூத்தைத்த பின்னலும் தெரியும்படி பெண்ணுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து எடுக்கும் படமும் தமிழ் ஸ்டூடியோக்களில் உண்டு. உயிரோடு இருந்தபோது படம் எடுக்காதவரை, இறந்தபின் நாற்காலியில் சாய்த்து எடுத்து, மூடிய கண்களைத் திறந்தவைபோல் தீட்டிக் கொடுத்ததும் உண்டு. குழுப்படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி, சட்டைக்கு மேல் கோட்டு வரைந்து தருவதும் வழக்கமே. படத்தைத் திருத்தும் வேலை கணினியோடு வந்ததன்று.

அழிவு

ஸ்டூடியோ மூடப்பட்டதும் கண்ணாடி நெகட்டிவ்களின் மேற்பூச்சைக் கழுவிக் கண்ணாடியை விற்றார்கள். பூச்சில் இருந்த வெள்ளிக்கும் விலை கிடைத்தது. பழைய பொருள் வியாபாரிக்குத் தேக்குச் சட்டம்தான் வேண்டும். உள்ளிருக்கும் தாத்தா குப்பைக்குப் போவார்.

வீட்டில் தப்பிய படங்களுக்கும் ஆபத்து உண்டு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகப் பகுதியில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் காக்கும். ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், வெயிலில் காய்ந்து வெடிக்கும். விளக்குப் புகையும் கரையானும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சமய நம்பிக்கையால் உருவப்படத்தைச் சுவரில் மாட்டாத முஸ்லிம் குடும்பங்களும் இங்கு உண்டு. டிரங்குப் பெட்டியில் கிடக்கும் படத்துக்கு வெளிச்சமும் புகையும் படுவதில்லை என்பதால், அது தெளிவாக நிற்க வாய்ப்பு அதிகம்.

ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தி போன்ற, நகரத்து ஸ்டூடியோவுக்குத் தொலைவான ஊர்களில் சிக்கல் வேறு. ஸ்டூடியோவுக்கே போகாத ஒரு பாட்டிக்கு வாக்காளர் அட்டைப் படம் மட்டுமே மிஞ்சலாம். அந்த அட்டை வந்ததே 1993க்குப் பிறகுதான்.

மீட்பு முயற்சி

1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், ஜோயி ஹெட்லி தலைமையில், தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கியது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் இதற்கு நிதி அளித்தது. மூலப்படங்களை நாட்டை விட்டு எடுத்துச் செல்லாமல், மின்படிகளை மட்டும் பொதுப் பார்வைக்கு வைப்பது அத்திட்டத்தின் விதி. ஓவியங்களும் ஓலைச்சுவடிகளும் பெறும் மதிப்பை வீட்டுப் படங்களுக்கும் கொடுத்தது இம்முயற்சியின் பெருமை எனலாம்.

வீட்டளவில் செய்யக்கூடியதும் நிறையவே உண்டு. கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்துவிட வேண்டும். ஒட்டாத படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்யலாம். லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு சேதமின்றி உரிப்பது மிகக் கடினம். இப்போதைய செயலிகள் மங்கிய முகத்தை நொடியில் பளிச்சென்று ஆக்குகின்றன. ஆனால் படத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அவை ஊகித்தே வரைகின்றன. பார்க்க அழகாக இருக்கும், கொள்ளுப்பாட்டியாக இருக்காது. எனவே திருத்தாத ஸ்கேனைத் தனியே வைப்பது அவசியம்.

பின்னட்டையையும் எறியக்கூடாது. அதில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். படத்தில் இருப்பவர் யார் என்பது பெரும்பாலும் இருக்காது. அதைச் சொல்லக்கூடிய கடைசிப் பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, மெல்லிய பென்சிலால் பெயர், உறவு, ஊர் மூன்றையும் பின்புறம் அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா மை ஊறி முகத்தில் தெரியும்.