அத்திப்பழம்: கைபேசிக் காட்டிலும் நம் கொட்டியாரத்திலும்

  

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பிள்ளைகள் கைபேசியில் விளையாடுகிற ஒரு வகை விளையாட்டு இருக்கிறது. ஆள் ஒருவன் காட்டிலோ தீவிலோ தனியே விடப்படுவான். மரம் வெட்டி, குடிசை கட்டி, கிடைத்ததைத் தின்று உயிர் தப்ப வேண்டும். திரையின் ஓரத்தில் பசிக்கு ஓர் அளவு ஓடிக்கொண்டே இருக்கும். மைன்கிராஃப்ட் விளையாட்டில் அது பத்துக் கோழிக்கால் படங்கள். ஓர் அப்பிள் தின்றால் இரண்டு கால் நிரம்பும். வேறு சில விளையாட்டுகளில் அத்திப்பழமும் அந்த உணவுப் பட்டியலில் உண்டு.

"சேர், அத்திப்பழம் உண்மையிலேயே பசி தீர்க்குமா? எத்தனை தின்ன வேணும்?" என்று வகுப்பில் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆற்றங்கரையில் அத்திமரத்தைக் கடந்து பாடசாலைக்கு வருகிற பிள்ளைகள்தான் இதைக் கேட்டார்கள் என்பதால், பதிலை ஊருக்கே சொல்லலாம் என்று நினைத்தோம்.

முதலில் கணக்கு. கடையில் வாங்கும் சீமை அத்தியில், பச்சைப்பழம் என்றால் 100 கிராமில் ஏறத்தாழ 74 கிலோகலோரி. பழத்தின் பெரும்பகுதி தண்ணீர். 50 கிராம் நிறையுள்ள ஒரு பழம் 37 கிலோகலோரி தரும். வளர்ந்த ஆளுக்கு நாளுக்கு 2000 என்று வைத்தால் ஐம்பதுக்கு மேற்பட்ட பழம் வேண்டும். அப்படித் தின்றால் பசி போகுமோ இல்லையோ, வயிறு போகும்! காய்ந்த அத்தி வேறு சங்கதி. 100 கிராமில் ஏறத்தாழ 250 கிலோகலோரி, அதாவது அதே நிறைச் சோற்றைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் நிறைய. பழுதாகாமல் மாதக்கணக்கில் இருக்கும். பாலைவனப் பயணிக்கும் கப்பல்காரனுக்கும் பேரீச்சம்பழத்தோடு அத்தியும் கட்டுச்சோறானது இதனால்தான்.

நோன்பு காலத்தில் பேரீச்சம்பழத்தோடு நம் கடைகளுக்கு வருவதும் இந்தச் சீமை அத்திதான். குர்ஆனின் 95ஆவது அத்தியாயம் அத்-தீன். எட்டு வசனங்கள். அத்தியின் மீதும் ஒலிவத்தின் மீதும் சத்தியமிட்டுத் தொடங்குவது. இவ்விரண்டும் பழங்களைத்தான் குறிக்கின்றன என்பார் சில விரிவுரையாளர். அவை விளையும் புனித பூமிகளைக் குறிக்கின்றன என்பார் வேறு சிலர். தமிழில் எழுதும்போது இன்னொரு குழப்பமும் உண்டு. மார்க்கத்தைக் குறிக்கும் 'தீன்', அத்தியைக் குறிக்கும் 'தீன்' இரண்டும் தமிழில் ஒரே எழுத்து. அறபில் முதலெழுத்தே வேறு. பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை எழுதிக் காட்டுங்கள்.

மனிதன் அத்தி தின்னத் தொடங்கியது எப்போது? யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில், ஏறத்தாழ 11,400 வருடங்களுக்கு முந்திய வீடொன்றின் இடிபாட்டில் கருகிய அத்திப்பழங்கள் கிடைத்தன. 2006இல் அது பற்றிய ஆய்வு வெளிவந்தது. அந்தப் பழங்கள் முளைக்கும் விதை இல்லாத வகை, கிளையை வெட்டி நட்டால்தான் பெருகும், ஆகவே மனிதன் நட்டு வளர்த்திருக்க வேண்டும் என்றார்கள் ஆய்வாளர்கள். அது உறுதியில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. நட்டாலும் பொறுக்கினாலும், கோதுமை வயல்கள் பரவுவதற்கு முன்பே மனிதன் அத்தியைச் சேர்த்து வைத்திருக்கிறான் என்பது தெரிகிறது.

எகிப்தின் கதை இன்னும் சுவையானது. அங்கே வளர்ந்தது நம் நாட்டு அத்திக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் அதன் பூவுக்கு மகரந்தம் கொண்டுவரும் குளவி அந்த நாட்டில் இல்லை. பழம் தானாக முற்றாது. அதனால் காய் ஒவ்வொன்றையும் கத்தியால் கீறிவிட்டார்கள். கீறிய சில நாட்களில் காய் பருத்துப் பழுக்கும். மரமேறி ஒவ்வொரு காயாகக் கீற வேண்டும் என்று கண்டுபிடித்த ஆள் யாரென்று எவருக்கும் தெரியாது. அந்த அறிவு மட்டும் ஆயிரக்கணக்கான வருடங்கள் கை மாறி வந்தது.

இனி நம்முடைய அத்தி. அடிமரத்திலும் பெருங்கிளையிலும் குலைகுலையாகக் காய்த்து, பழுத்தால் சிவக்கும் மரம். ஆற்றோரமும் குளக்கட்டும் அதற்குப் பிடித்த இடம். மகாவலி கடலோடு சேருகிற இந்தக் கொட்டியாரக் குடாப் பக்கத்துக்கு அது புதிய மரமல்ல. சிங்களத்தில் அட்டிக்கா. 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம், ஏனென்றால் அதன் பூவை யாரும் காண்பதில்லை. பூக்கள் முழுவதும் காய்க்குள்ளே உட்பக்கமாகப் பூக்கின்றன. எறும்பை விடச் சின்னக் குளவி ஒன்று காயின் நுனித் துவாரத்தால் நுழையும். நுழையும்போது அதன் இறகு உதிர்ந்துவிடும். உள்ளே முட்டையிட்டு, மகரந்தம் சேர்த்து, அங்கேயே செத்துப்போகும். அதன் குஞ்சுகள் வெளியேறிய பிறகு பழம் பழுக்கும். அதனால்தான் நம் அத்தியைப் பிளந்தால் பூச்சி. பெரியவர்கள் பழத்தைப் பிட்டு, தட்டி, ஊதிப் பார்த்துத்தான் வாயில் வைப்பார்கள்.

பழத்தை விடக் காய்தான் நம் அடுப்புக்கு வந்தது. பிஞ்சுக் காயை வெட்டி, உப்புத் தண்ணீரில் அவித்து, பாலும் கசப்பும் போக அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பிறகு தேங்காய்ப்பாலில் கறியாக்குவது. பட்டையும் பாலும் நாட்டு வைத்தியருக்கு. இந்தியாவின் பஞ்சகால உணவுப் பட்டியல்களிலும் இந்த அத்தி இருக்கிறது. மாவில் கலந்து தின்றிருக்கிறார்கள். வயல் பொய்த்தாலும் ஆற்றோர அத்தி காய்க்கும்.

அத்தி தனியாகவும் இல்லை. பாலைப்பழம், வீரைப்பழம், முரளிப்பழம், நாவல், விளாம்பழம், இலந்தை, கூழாம்பழம் என்று நம் காட்டுக்கு ஒரு நாட்காட்டியே உண்டு. ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள்: ஆலங்கேணி, பாலையூற்று, மட்டக்களப்புப் பக்கம் நாவலடி. எந்த மரம் எங்கே நின்றது என்பதை ஊர்ப்பெயராகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூதூர் தொட்டு வெருகல், வாகரை வரை வாழும் கரையோர வேடர் சமூகத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தேன், காட்டுக்கிழங்கு, பழம் பற்றி அவர்கள் சொல்வது எந்த விளையாட்டின் பட்டியலையும் விட நீளமானது.

இப்போது விளையாட்டுக்குத் திரும்புவோம். தனி ஒருவன் காட்டில் பிழைக்கும் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் இதற்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது 1719இல் டேனியல் டிஃபோ எழுதிய ரொபின்சன் குரூசோ. அதற்கு ஒரு வேர் நம் குடாவில் இருக்கிறது.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல் 'ஆன்', 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்தது. பரங்கிப்பேட்டை வணிகர்களின் சரக்கோடு, பாய்மரம் பொருத்துவதற்காகக் கொட்டியாரத்துக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் மாலுமிகள் பலரையும் பிடித்துப் போனார்கள். மூதூரில் புளியமரம் நின்ற இடத்தில் 1893இல் வைத்த நினைவுக்கல் அந்தச் சம்பவத்துக்குத்தான். தகப்பன் 1661இல் காய்ச்சலில் இறந்தார். 19 வயதில் பிடிபட்ட மகன் 19 வருடங்களுக்கு மேல் இருந்து, 1679இல் அருவி ஆற்றுக் காட்டு வழியாக நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் அவர் எழுதிய இலங்கை வரலாறு லண்டனில் வெளிவந்தது. டிஃபோ அதைப் படித்திருந்தார். 1720இல் அவர் எழுதிய கப்டன் சிங்கிள்டன் நாவலில் நொக்ஸின் கதையையே சுருக்கிச் சொல்கிறார். குரூசோவிலும் அதன் சாயல் உண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஆனால் நொக்ஸ் எப்படிப் பிழைத்தார் என்று பாருங்கள். காட்டுப்பழம் பொறுக்கியல்ல. கைதிகளை ஊர் ஊராகப் பிரித்து வைத்து, ஊரவர்தான் சோறு போட வேண்டும் என்பது அரச கட்டளை. நாளுக்கு இரண்டு வேளை ஆக்கிய சோறும் கறியும் வந்தன. பிறகு சோற்றுக்குப் பதில் அரிசியாகக் கேட்டு வாங்கி, மிச்சம் பிடித்தார்கள். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், கோழியும் பன்றியும் வளர்த்தார், நெல்லைக் கடன் கொடுத்தார். தப்பி ஓடியதும் துணைக்கு இன்னொருவரோடுதான். அவரைக் காப்பாற்றியது பெயர் தெரியாத கிராமத்துப் பெண்களின் அடுப்பு. கதை லண்டனுக்குப் போய் நாவலாகி, நாவல் விளையாட்டாகிய வழியில் அந்த அடுப்பு காணாமல் போய்விட்டது. மிஞ்சியது தனி மனிதனும் அவன் கோடாரியும்.

நம் ஊர்களின் பஞ்ச காலங்களும் இதையே சொல்கின்றன. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானிடம் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு விழுந்தது. பங்கீட்டு அரிசியும் கோதுமை மாவும் குரக்கனும் மரவள்ளியும் வீடுகளுக்குள் வந்தன. 1970களின் ஆரம்பத்தில் மறுபடியும் மரவள்ளி, பாண் வரிசை. 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நின்ற வரிசையை நம் பிள்ளைகளே கண்டார்கள்.

2006ஐ யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஏப்ரலில் சம்பூரில் குண்டு விழுந்தது. ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கைக்குழந்தையோடு கந்தளாய் நோக்கி நடந்தார்கள். சம்பூர்ச் சனம் வாகரை வழியாக மட்டக்களப்புக்கும், பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களுக்குமாக அலைந்தது. 2015, 2016இல்தான் காணி திரும்பிக் கிடைத்தது. அந்த வருடங்களில் நம்மில் எவரும் தனியாகப் பிழைக்கவில்லை. பாடசாலைக் கட்டடத்தில் பெரிய பானையில் ஆக்கிய சோறு, நிவாரணப் பொதி, அடுத்த கூடாரத்திலிருந்து வந்த ஒரு அகப்பைக் கறி. முஸ்லிம் வீட்டுச் சோற்றில் தமிழ்ப் பிள்ளையும் தமிழ் வீட்டுச் சோற்றில் முஸ்லிம் பிள்ளையும் பசியாறிய கதைகள் இரண்டு பக்கத்திலும் உண்டு. கோபத்தை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு இந்தக் கதைகளை விழுங்கிவிடக்கூடாது.

இடப்பெயர்வில் வீடும் மாடும் போனதைக் கணக்கெடுத்தார்கள். கணக்கில் வராத இழப்பு ஒன்றும் உண்டு. பத்து வருடம் முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு எந்தக் காய் தின்னலாம், எதை அவித்து நீர் வடிக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று காட்ட வளவும் இல்லை, காடும் இல்லை. திரும்பி வந்தபோது காட்டத் தெரிந்த மூத்தவர்கள் பலர் இல்லை. ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தால் போதும். மரம் நிற்கும், அது உணவு என்பது மறந்துபோகும். விளையாட்டைத் தடைசெய்வதால் அந்த இடைவெளி அடைபடாது. பசிக்கோடு பார்த்துப் பழகிய பிள்ளைக்கு உணவைப் பற்றிக் கேட்க ஆசை இருக்கிறது. பதில் சொல்ல ஆள்தான் வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் வீட்டில் இருக்கும் உம்மம்மா, மூத்தவாப்பா, அம்மம்மா, அப்பப்பாவிடம் பிள்ளைகளை உட்கார வையுங்கள். பஞ்சத்தில் என்ன தின்றீர்கள், எப்படி ஆக்கினீர்கள், யார் கொடுத்தார்கள் என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதிலை ஒரு கொப்பியில் எழுதிப் பாடசாலைக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் சேர்த்து வகுப்பில் வைப்போம். தெரியாத காயைப் பிள்ளைகள் தாங்களாகப் பறித்துத் தின்னக்கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கைபேசியில் செத்தால் மறுபடி எழும்பலாம், இங்கே முடியாது.

மாரி தொடங்கியதும் குளக்கட்டுப் பக்கம் சில அத்திக்கன்று நடவும் யோசித்திருக்கிறோம். கன்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாம் தின்னாவிட்டாலும் குருவியும் வௌவாலும் குரங்கும் தின்னும். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ தின்றால் அது நட்டவருக்குத் தர்மம் என்பது எங்கள் நபி காட்டிய வழி. சம்பூர் உறவுகளும் கூட வந்தால், எந்தக் கட்டில் எது நன்றாக வரும் என்பதை அவர்கள் எங்களை விட நன்றாகச் சொல்வார்கள்.