மூன்று விளக்கும் ஒரு சிவப்புப் புள்ளியும்

சென்னைப் பாலவாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில், மாடிப்படிக்குக் கீழே மீட்டர்கள் வரிசையாக இருக்கும். பக்கத்து பேனலில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று சின்ன விளக்குகள். மூன்றும் எரிந்தால் மூன்று பேஸும் இருக்கிறது. மஞ்சள் மட்டும் அணைந்திருந்தால், ‘ஒய் பேஸ் போயிடுச்சு’ என்று வாட்ச்மேனே சொல்லிவிடுவார். சில வீடுகள் இருட்டில் இருக்க, மற்ற வீடுகளில் மின்விசிறி ஓடும். லிஃப்ட்டும் தண்ணி மோட்டாரும் நின்றுபோகும்.

கண்ணுக்குத் தெரியாத கரண்டை இப்படிக் கண்ணால் படிக்க மெட்ராஸ் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே 7 அன்று இந்த ஊரில்தான் ஓடியது. பிறகு பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்திலிருந்து வீடுகளுக்குக் கம்பி போனது. மின்வழங்கலைத் தனியார் கம்பெனியிடமிருந்து 1947இல் அரசு எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1 அன்று மின்சார வாரியம் பிறந்தது. அந்தக் காலத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்பதற்கு ஒரே சாட்சி, கூடத்தில் எரியும் பல்புதான். அது அணைந்தால் பீங்கான் பீஸ் கேரியரைப் பிடுங்கி, கம்பி உருகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்த எச்சரிக்கை விளக்கல்ல, தகரப் பலகை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், நடுத்தர, உயர் அழுத்த நிறுவல்களில் அபாய அறிவிப்பு நிரந்தரமாக இருக்க வேண்டும் என்றன. இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதி, அந்த மாவட்டத்து மொழியும் சேர வேண்டும். மண்டையோடும் எலும்பும் கட்டாயம். டிரான்ஸ்பார்மரில் ‘அபாயம்’ என்ற சொல்லும் 11000 வோல்ட் என்ற எண்ணும் தொங்குவது அப்படித்தான். விதிகளில் இவ்வளவு பேருக்கு உதவிய வரி வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

எலக்ட்ரீஷியனின் சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டர் இன்னொரு நுட்பமான கருவி. அதனுள்ளே சிறு நியான் பல்பும், கரண்டை மிகமிகக் குறைத்து அனுப்பும் ஒரு ரெசிஸ்டரும் உண்டு. பேஸில் வைத்தால் எரியும், நியூட்ரலில் எரியாது. பிளக் பாயின்ட்டின் இரண்டு துளையிலும் எரிந்தால்? அனுபவசாலி உடனே ‘நியூட்ரல் கட்’ என்பார். வீட்டில் எதுவும் ஓடாது. ஆனால் இரண்டு கம்பியும் ஷாக் அடிக்கும். ‘கரண்ட்தான் இல்லையே’ என்று கை வைத்தவர்களை ஏமாற்றிய நிலைமை இதுதான். பாலவாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், ஏனென்றால் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். மூன்று பேஸுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்தால் ஒரு வீட்டில் விளக்கு மங்கும், இன்னொரு வீட்டில் அளவுக்கு மீறிப் பளீரிட்டு டிவி கருகும். பேனலின் விளக்குகளுக்கும் அதே நியூட்ரல்தான் என்றால், அவற்றின் வெளிச்சமும் ஒன்றுக்கொன்று மாறி நிற்கும்.

அந்த விளக்குகளின் கதையும் சுவையானது. முன்பு நிற மூடிக்குள் சாதாரண பல்பு இருந்தது; பல்பு பீஸாகிவிட்டால் பேஸ் இல்லை என்றே நினைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். பிரகாசமான நீல எல்.இ.டி. ஜப்பானிலிருந்து வர 1990கள் ஆயின; அதற்காக மூவருக்கு 2014இல் நோபல் பரிசு. மூன்று பேஸுக்கும் ஒரே வகை எல்.இ.டி. பொருத்த அந்த நீலம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மிக முக்கியமான விளக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பழைய சக்கர மீட்டர் நாளில், எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் சக்கரம் சுற்றினால் எங்கோ லீக்கேஜ் என்று பெரியவர்கள் கண்டுபிடிப்பார்கள். இன்றைய எலெக்ட்ரானிக் மீட்டரில் சக்கரம் இல்லை. ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டும். முகப்பில் 3200 என்று அச்சிட்டிருந்தால், 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். பல மீட்டர்களில் அதனருகே ‘இ.எல்.’ என்று இன்னொரு விளக்கு உண்டு. பேஸில் போகும் கரண்ட் நியூட்ரலில் அதே அளவு திரும்பாவிட்டால் அது எரியும். பக்கத்து வீட்டு நியூட்ரலோடு கலந்திருந்தாலும் எரியலாம். ஹீட்டர் உடம்பிலோ ஈரச் சுவரிலோ கரண்ட் கசிந்தாலும் எரியலாம். இப்படிப்பட்ட மீட்டர்கள் பேஸ், நியூட்ரல் இரண்டில் அதிகமான கரண்டையே கணக்கில் எடுப்பதால் பில்லும் ஏறும்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை மீட்டர் முன்னால் நின்று பாருங்கள். இ.எல். எரிந்தால், மீட்டரைத் தொடாமல், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து வயரிங்கைச் சோதியுங்கள். தெருவில் அறுந்த கம்பியோ, திறந்து கிடக்கும் பில்லர் பாக்ஸோ கண்ணில் பட்டால், மின்சாரப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. 2021 முதல் இரவும் பகலும் இயங்குகிறது.