காயும் நெல்லும் சிறுதேரும்

பெரும்பாணாற்றுப்படை, பட்டினப்பாலை இரண்டையும் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். நான் கல்லூரியில் தமிழ் படித்தவனல்லன். தானியக் கடையில் கல்லாவில் உட்கார்ந்து படித்தவன். அதனாலோ என்னவோ, என் கண் முதலில் நெல்லின் மேல்தான் போகும்.

காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் தானியம் காய்கிறது. கவர வரும் கோழியைப் பெண்கள் காதுக் குழையை எறிந்து விரட்டுகிறார்கள். அந்தக் குழை, பிள்ளைகள் உருட்டிவரும் முக்கால் சிறுதேரைத் தடுக்கிறது. செல்வச் செழிப்புக்குச் சான்றாக இதைக் காட்டுவது வழக்கம். எனக்குப் படுவது வேறு. பெரும்பாணாற்றுப்படையிலும் ஏணி எட்டாத நெற்கூடுகளைச் சொன்ன கையோடு, தேர் உருட்டும் பிள்ளைகளையே புலவர் சொல்கிறார். தானியம் காய்ந்த இடமும் சேமித்த இடமும் பிள்ளைகள் விளையாடிய இடமும் ஒன்றாகவே இருந்தன. தனியாக எதற்குப் பாடம்?

பாடம் பின்னால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வந்தது. எண்சுவடியோடு நெல்லிலக்கம் என்றொரு சுவடி. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. ஆழாக்கு இரண்டு உழக்கு. உழக்கு இரண்டு உரி. உரி இரண்டு நாழி. நாழி எட்டு குறுணி. குறுணி இரண்டு பதக்கு. பதக்கு இரண்டு தூணி. தூணி மூன்று கலம். ஆகக் கலத்துக்கு 96 நாழி. களத்துமேட்டில் ஏமாறாமலிருக்க இந்தக் கணக்கு வேண்டும். 1956-ல் அளவைச் சட்டம் இயற்றப்பட்டுக் கிலோவும் லிட்டரும் வழக்குக்கு வரவே, வாய்பாடும் மெல்லப் போயிற்று.

எங்கள் நயினார் வீடுகளில் இன்னொரு பாடமும் உண்டு. வண்டைக் கொல்லக்கூடாது, ஆகவே வரவிடக்கூடாது. சித்திரை வெயிலில் பயறு, உளுந்தைக் காயவைத்து, உலர்ந்த வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் பானையில் கட்டிவைப்பார்கள். "ஈரம் போச்சா பாருடா" என்று பாட்டி ஓர் உளுந்தைக் கையில் கொடுப்பாள். கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். பல்லில் மசிந்தால் இன்னொரு நாள் வெயில். எனக்கு அப்போது ஆறு வயது.

இங்கே மும்பையில் நம் ஞாயிறு வகுப்பில் படி என்றேன். "மாடிப்படிதானே தாத்தா?" என்றது ஒரு குழந்தை. மறுவாரம் கடையிலிருந்து படியும் மரக்காலும் எடுத்துப்போனேன். அளந்து, எட்டுப் படி சேர்ந்ததும் பிள்ளைகளே குறுணி என்று கூவினார்கள். இந்த ஊரில் ஜூன் பிறந்தால் வெயிலை நம்பமுடியாது. ஆகவே மே மாதத்திலேயே மொட்டை மாடியில் பயறு பரப்பினோம். கோழிக்குப் பதில் புறா. எறியக் குழை இல்லை, கையைத் தட்டியே விரட்டினார்கள். காய்ந்ததா என்று கடித்துப் பார்க்கத்தான் பெரிய போட்டி. அதிலேயே கால்படி குறைந்துவிட்டது.