மிக்கேல் கல்லூரியில் படித்த மயில்வாகனம்

1947இல் வெளிவந்த ‘யாழ்நூல்’ ஒரு விசித்திரமான புத்தகம். வழக்கொழிந்துபோன யாழ்களைச் சிலப்பதிகாரத்துக்குள்ளும் அதன் உரைகளுக்குள்ளும் தேடி, அவற்றின் சுருதிகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கிறது. எழுதிய விபுலானந்தர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். ஆனா அவர் எடுத்த பட்டம் பி.எஸ்சி. இப்படியொரு மூளை எங்கயிருந்து வந்தது எண்டு கேட்டால், பதிலில் பாதி புளியந்தீவில் இருக்கிறது.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்த பள்ளியில் படித்துவிட்டு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்தார். 1873இல் தொடங்கிய கல்லூரி அப்போது பிரெஞ்சு இயேசு சபைத் துறவிகளின் கையில் இருந்தது. அங்கு படித்துத்தான் பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பாஸ் பண்ணினார்.

இயேசு சபைப் பள்ளிகளுக்கு 1599இலேயே ஒரு கல்வித் திட்டம் இருந்தது, ‘ராசியோ ஸ்டூடியோரம்’ எண்டு பேர். முதலில் இலக்கணம், பிறகு கவிதையும் வரலாறும், அதன்பின் சொல்வன்மை. அதையெல்லாம் தாண்டினால் தத்துவம். கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் அதோட சேர்ந்தவை. பெடியள் மேடையேறி நாடகமும் நடிக்கவேணும். நல்ல மனிதனாக இல்லாதவன் நல்ல பேச்சாளனாக முடியாது என்ற பழைய ரோமானியக் கருத்தைக் கிறிஸ்தவம் தனதாக்கிக்கொண்டது. அதற்கு அடியில் ஒரு நம்பிக்கை: உலகைப் படைத்தவர் ஒருவர், அதனால் பாடங்கள் எல்லாம் ஒரே துணியின் இழைகள். அந்தக் கடவுளை நம்பாதவருக்கும் இது யோசிக்கவேண்டிய விசயம்தான். எங்கட ஏ.எல் பிரிவுகளை நினைச்சுப் பாருங்கோ. யாழ்நூலைத் திறந்தால் கலைப்பிரிவுப் பிள்ளைக்குக் கணக்கு இடிக்கும், கணிதப்பிரிவுப் பிள்ளைக்குச் செய்யுள் இடிக்கும்.

சும்மா புகழவும் ஏலாது. காலனி நாட்டுக்கு இந்தத் தத்துவம் முழுசாக வந்து சேரவில்லை. கேம்பிரிட்ஜ் பரீட்சையும் அரசாங்க உத்தியோகமும்தான் கனபேரின் குறி. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. செவ்வியல் எண்டால் அவர்களுக்கு லத்தீனும் கிரேக்கமும். சங்கப் பாடலுக்கு அந்த ஏணியில் படி இல்லை. மயில்வாகனத்துக்குத் தமிழ் வந்தது கல்லூரிக்கு வெளியில், ஊரில் குஞ்சுத்தம்பி ஆசிரியரிடமிருந்து. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1920இல் லண்டன் பி.எஸ்சி. ரெண்டு படிப்பையும் தைத்துச் சேர்த்த வேலை அவருடையது, எந்தப் பள்ளியுடையதுமல்ல.

தையல் எப்படி இருந்தது என்பதற்கு 1926இல் வந்த ‘மதங்க சூளாமணி’ சாட்சி: சேக்ஸ்பியரின் நாடகங்களும் வடமொழித் தசரூபகமும் ஒரே நாடகநூலில்.

கல்லூரி பிறகும் தன் வழியில் போனது. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபையினர் படிப்போட கூடைப்பந்தையும் வளர்த்தார்கள். வெபர் மைதானம் அவர்களில் ஒருவரின் பெயரில்தான் இருக்கிறது. கூடைப்பந்து பழக்கிய இன்னொருவரான ஏபேர் அடிகள், 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார்.

மயில்வாகனமோ 1924இல் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி விபுலானந்தரானார். 1929இல் வாவிக்கு அந்தப் பக்கம், கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். ஆங்கிலமும் விஞ்ஞானமும் படிக்க ஆசைப்பட்ட சைவப் பிள்ளை, அதுக்காக மிசன் பள்ளிக்குப் போகவேண்டிய கட்டாயம் அதோட குறைஞ்சது.