சண்டி மாடும் சண்டியரும்

திருச்சுழிப் பக்கம் ஒரு டீக்கடையில் காதில் விழுந்த பேச்சு இது: "அவரு பெரிய சண்டியரு, நம்ம போயி என்னத்தப் பேச?" சொன்ன பெரியவருக்கு எழுபது வயசு இருக்கும். "அய்யா, சண்டின்னா மாட்டச் சொல்ற வார்த்தைதான?" என்று கேட்டேன். "ஆமாப்பா, உழவுல படுத்துக்கிற மாட்டத்தான் சண்டிம்பாக" என்றார்.

எனக்கு அங்கேதான் இடித்தது. சண்டியர் எகிறிக்கொண்டு நிற்பவர். சண்டி மாடோ நுகத்தடியோடு படுத்துக்கொள்வது. படுத்ததன் பெயர் எகிறியவனுக்கு எப்படிப் போனது? யார் சொன்னாலும் அசையாத குணம்தான் இரண்டுக்கும் பொது என்று தோன்றுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மானாவாரி பூமி. மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும், தவறினால் அந்த வருசம் போச்சு. அன்றைக்குப் பார்த்து ஒரு மாடு படுத்தால் கூடப் பூட்டிய மாடும் சும்மா நிற்கும். அதனால்தான் சண்டி மாடு என்றால் சம்சாரிக்கு அவ்வளவு ஆத்திரம். வாலை முறுக்குவார்கள், கடிக்கவும் செய்வார்கள். தார்க்குச்சியால் குத்துவார்கள், வைக்கோலைக் கொளுத்திப் பக்கத்தில் காட்டுவார்கள். சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர் இந்தக் குணத்தை மட்டும் வாய்திறந்து சொல்ல மாட்டார். கமல்ஹாசன் 2003இல் 'சண்டியர்' என்று பெயர் வைத்த படம் எதிர்ப்புக்குப் பிறகு 'விருமாண்டி' ஆகி 2004 பொங்கலுக்கு வந்தது நினைவிருக்கலாம். அதற்குள் அந்தச் சொல்லில் மாட்டு வாசனையே இல்லாமல் போயிருந்தது.

கொண்டி மாடு வேறு ரகம். அது படுக்காது, அடுத்தவன் காட்டில் போய் மேயும். பிடித்து அடைக்கிற இடம் கொண்டித்தொழு. வெள்ளைக்காரன் 1871இல் கால்நடை அத்துமீறல் சட்டம் போட்ட பிறகு அது 'பவுண்டு' ஆச்சு. சங்க இலக்கியத்தில் கொண்டி என்றால் கொள்ளைப்பொருள். ஆநிரை கவர்ந்த காலத்துச் சொல், கடைசியில் பயிர் திருடும் பசுவின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி நடுகல்லில் 'ஆகோள்' என்றே பொறித்திருக்கிறது. மாட்டுக்காகச் செத்தவனுக்கு நட்ட கல் அது.

இங்கிலீஷ்காரர்கள் கதை இதற்கு நேர் எதிர். ரவுடியைக் குறிக்கும் 'புல்லி'யைக் கேட்டால் காளையைக் குறிக்கும் 'புல்' ஞாபகம் வருகிறது, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பதினாறாம் நூற்றாண்டில் அதற்குக் 'கண்ணே' என்கிற மாதிரிப் பொருள். டச்சு மொழியில் காதலனைக் குறித்த சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நெசவாளி பாட்டமை அவன் கூட்டாளிகள் பிரியமாகக் கூப்பிடுவது 'புல்லி பாட்டம்' என்றுதான். அடுத்த நூற்றாண்டில் அது சவடால்காரனுக்குப் போய்விட்டது.

நிஜமாகவே காளையிலிருந்து வந்த சொல் 'புல்டோசர்'. காளைக்குக் கொடுக்கிற அளவு அடி என்பதுதான் அடிப்படை. 1876 அமெரிக்கத் தேர்தலில் கறுப்பின மக்களை ஓட்டுப் போடவிடாமல் சாட்டையால் அடித்து மிரட்டியதை அப்படிச் சொன்னார்கள். முதலில் புல்டோசர் என்றால் மிரட்டுகிற ஆள், எந்திரத்துக்கு அந்தப் பேர் வந்தது அரை நூற்றாண்டு கழித்து.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "எங்கய்யா ஒரு சண்டி மாட்ட அடிச்ச அடியில அது எந்திரிக்கவே இல்ல. வண்டிக்கும் அதே மாடுதான். பெறகு காலப் பாத்தா, லாடத்து ஆணி உள்ள ஏறிக் கெடக்கு."